64 ஜிபி சர்வரில் 84 ஜிபி பிரித்துக் கொடுத்திருக்கிறது. ராத்திரியில் ஒரு விஎம் மட்டும் செத்துப்போகிறது

கீழ்ரேக் எழுதியது:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு பிசிக்கல் சர்வர். 64 ஜிபி ரேம், விஎம்களை ஓட்ட ப்ராக்ஸ்மாக்ஸ், டிஸ்க் எல்லாம் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். இதை அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இப்போது என் தலையில். எட்டு விஎம் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓடுகின்றன: கணக்குப் பிரிவின் விண்டோஸ் சர்வருக்கு 24, ஜாவா அப்ளிகேஷனுக்கு 16, போஸ்ட்கிரெஸுக்கு 16, மெயிலுக்கு 8, ஃபைல் சர்வருக்கு 8, டெஸ்டிங் ஆட்களுக்கு இரண்டு விஎம், தலா 4, மானிட்டரிங்குக்கு 4. கூட்டினால் 84 வருகிறது. இருப்பதே 64. பழைய ஆளைப் போனில் பிடித்துக் கேட்டேன், "அதெல்லாம் பலூனிங் பார்த்துக்கொள்ளும், டிக் போட்டு வைத்திருக்கிறேன்" என்றார். விஎம்மிடம் சும்மா கிடக்கும் ரேமைச் சர்வருக்குத் திருப்பி வாங்கும் வசதியாம் அது. பார்த்தேன், டிக் இருக்கிறது.

மாதத்துக்கு ஒருமுறை, ராத்திரி இரண்டு, இரண்டேகால் வாக்கில் அந்த விண்டோஸ் விஎம் மட்டும் நின்றுவிடுகிறது. முறையாக ஷட்டவுன் ஆன தடயமே இல்லை, உள்ளே போய்ப் பார்த்தால் முந்தைய ஷட்டவுன் எதிர்பாராதது என்று ஒரு வரி, அவ்வளவுதான். காலையில் நான் வண்டியை நிறுத்துவதற்குள் கணக்குப் பிரிவு அக்கா வாசலில் நிற்கிறார். பேக்கப் தொடங்குவதும் அதே இரண்டு மணிக்குத்தான். ஹோஸ்டை, அதாவது அந்த பிசிக்கல் சர்வரை, ரீபூட் செய்தால் மூன்று வாரம் ஒரு தொல்லையும் கிடையாது, அப்புறம் பழைய கதை. எங்கோ மெமரி லீக் (எடுத்த ரேமைத் திருப்பித் தராத பிழை) என்று நினைத்து இரண்டு வாரம் ஜாவா டீமோடு சண்டை போட்டதுதான் மிச்சம்.

இன்னொரு குழப்பம். விண்டோஸுக்குள் டாஸ்க் மேனேஜர் 7 ஜிபி என்கிறது, ப்ராக்ஸ்மாக்ஸ் திரையோ அதே விஎம் 24-க்கு 24-ம் எடுத்திருப்பதாகக் காட்டுகிறது. எதை நம்புவது? 84 கொடுத்தது தப்பென்றால் இத்தனை நாள் எப்படி ஓடியது? ரேம் வாங்கலாமா என்று முதலாளியிடம் கேட்டாயிற்று. "இருப்பதை ஒழுங்காகப் பிரித்துக் கொடு" என்பது பதில்.

சும்மாஒருத்தன் எழுதியது:

84 பெரிதா 64 பெரிதா ப்ரோ? ரேம் வாங்குங்க, வேலை முடிஞ்சுது.

ராத்திரிரூட் எழுதியது:

தம்பி, விண்டோஸுக்குள் தேடிப் பயனில்லை. ஹோஸ்டின் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) லாகைத் திறந்து, அது விழுந்த அதே நிமிடத்தைப் பாருங்கள். "அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ்" என்று ஆரம்பித்து கேவிஎம் என்று பெயர் போட்ட வரி இருக்கும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு விஎம்மும் ஹோஸ்டைப் பொறுத்தவரை ஒரு சாதாரண ப்ராசஸ்தான். ரேம் தீர்ந்தால் கர்னல் எதையாவது கொன்று இடம் பிடிக்கும், பெரும்பாலும் அதிகமாகத் தின்றுகொண்டிருப்பதை. கணக்குப் பிரிவின்மேல் அதற்குக் கோபம் ஒன்றும் இல்லை, உங்கள் வீட்டில் பெரிய உடம்பு அந்த 24 ஜிபிதான்.

84 கொடுத்ததே தப்பா என்று கேட்டால், இல்லை. விஎம்மைத் தொடங்கும்போது 16 ஜிபி என்று எழுதினால் ஹோஸ்ட் உடனே 16 ஜிபியை எடுத்து வைத்துவிடுவதில்லை. உள்ளே இருக்கும் ஓஎஸ் எந்தப் பேஜை (ரேமின் ஒரு சின்னத் துண்டு) தொடுகிறதோ அதற்குத்தான் நிஜ ரேம் ஒதுங்கும். கல்யாணத்தில் 300 பேர் உட்காரும் கூடத்துக்கு 500 பத்திரிகை கொடுப்பது போல. எல்லாரும் ஒரே பந்திக்கு வர மாட்டார்கள் என்ற தைரியம். ஆனால் பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து கை கழுவப் போவார், விஎம் எழுந்திருக்காது. தொட்ட பேஜ் தொட்டதுதான். கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) அதை உள்ளே காலி செய்தாலும் ஹோஸ்டிடம் யாராவது சொன்னால்தானே ஹோஸ்டுக்குத் தெரியும். லினக்ஸ் கெஸ்ட் படித்த ஃபைலையெல்லாம் பேஜ் கேஷில் வைத்துக்கொண்டே போகும், ஆகவே இரண்டு மூன்று வாரத்தில் கொடுத்தது முழுவதையும் ஒரு சுற்று தொட்டிருக்கும். கர்னல் 5.7 முதல் காலிப் பேஜைத் தானாக ஹோஸ்டிடம் சொல்லும் வசதி வந்திருக்கிறது, ஆனால் கேஷில் இருப்பது காலி என்ற கணக்கில் வராது. உங்கள் மூன்று வாரக் கதை இதுதான். ரீபூட் செய்தால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம், மெல்ல நிரம்புகிறது, ஒரு நாள் பேக்கப் வந்து கடைசி இலையில் உட்காருகிறது. லீக் எதுவும் இல்லை, ஜாவா டீமிடம் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் இன்னும் மோசம், பூட் ஆகும்போதே காலிப் பேஜ்களில் எல்லாம் பூஜ்யம் எழுதிச் சுத்தம் செய்யும், அதாவது முதல் நாளே 24-ஐயும் தொட்டுவிடும். ஹோஸ்ட் காட்டும் 24-ம் உண்மை, டாஸ்க் மேனேஜர் காட்டும் 7-ம் உண்மை. முதலாவது அது பிடித்து வைத்திருப்பது, இரண்டாவது அதற்கு இந்த நேரத்தில் வேண்டியது. நடுவில் இருக்கும் 17 ஜிபிதான் உங்கள் பிரச்சினை.

அந்த டிக் விஷயம். விஎம்மின் மெமரி பகுதியைத் திறந்து "மினிமம் மெமரி" என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். மேலே 24 கீழேயும் 24 என்று இருந்தால் (ஒன்றையும் மாற்றாமல் உருவாக்கினால் அப்படித்தான் இருக்கும்) பலூன் ஒரு எம்பிகூட பிடுங்காது. எதிலிருந்து எதுவரை குறைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே! அதோடு விண்டோஸில் பலூன் டிரைவரையும் அதன் சர்வீஸையும் தனியாக நிறுவ வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் 24-க்கு 24 காட்டுவதைப் பார்த்தால் அது நிறுவப்படவில்லை. சர்வீஸ் ஓடினால் உள்ளே இருக்கும் உண்மையான எண்ணை அது மேலே சொல்லியிருக்கும்.

பேக்கப் நேரத்தில் விழுவதற்குக் காரணம் இசட்எஃப்எஸ் என்று நினைக்கிறேன். அது டிஸ்கில் படிப்பதை ஏஆர்சி என்ற தன் சொந்தக் கேஷில் வைக்கும். பழைய பதிப்பில் நிறுவி அப்கிரேட் செய்துகொண்டே வந்த சர்வர் என்றால் அதன் உச்சவரம்பு மொத்த ரேமில் பாதி, உங்களுக்கு 32 ஜிபி. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவினால் 10 சதவீதம், அதுவும் 16 ஜிபிக்கு மேல் போகாது. நெருக்கடி வந்தால் ஏஆர்சி சுருங்கும் என்பது உண்மைதான், ஆனால் எட்டு விஎம் டிஸ்கையும் பேக்கப் வரிசையாகப் படித்துத் தள்ளும்போது அது சுருங்கும் வேகம் போதாமல் போகும். இன்னொன்று, ரூட்டையே (ஹோஸ்டின் ஓஎஸ் இருக்கும் இடம்) இசட்எஃப்எஸ்ஸில் நிறுவியிருந்தால் இன்ஸ்டாலர் ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் ஒதுங்கும் இடம்) வைத்திருக்காது. தடுமாறுவதற்கு இடமே இல்லாமல் நேராகப் பள்ளம்.

முதலில் ஏஆர்சி உச்சவரம்பு, ஸ்வாப், கர்னல் லாக் மூன்றையும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சும்மாஒருத்தன் எழுதியது:

சரி சரி, ரேம் வாங்க வேண்டாம். அப்போ எல்லா விஎம்முக்கும் மினிமம் 1 ஜிபி போட்டு, விண்டோஸில் டிரைவர் ஏத்திட்டா பலூனே சமாளிச்சுக்குமே? யாருக்கு வேணுமோ அவங்களுக்குப் போகும்.

தறிசத்தம் எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள், நான் செய்து பட்டவன். ஹோஸ்டில் ரேம் 80 சதவீதம் தாண்டினால் தானியங்கி பலூன் கெஸ்ட்களிடமிருந்து பிடுங்க ஆரம்பிக்கும். பிடுங்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கெஸ்டுக்குள் இருக்கும் பலூன் டிரைவர் தன் ஓஎஸ்ஸிடமே "எனக்கு 3 ஜிபி வேண்டும்" என்று கேட்கும், ஓஎஸ் கேஷைக் கொட்டியோ எதையாவது ஸ்வாப்பில் தள்ளியோ கொடுக்கும், டிரைவர் அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு அந்தப் பேஜ்களை ஹோஸ்டிடம் ஒப்படைக்கும். எதை விடலாம் என்று கெஸ்டே முடிவு செய்வதுதான் இதில் உள்ள நல்ல விஷயம். ஆனால் விடுவதற்கு ஒன்றுமே இல்லாதவனிடம் கேட்டால்?

எங்கள் போஸ்ட்கிரெஸ் விஎம்முக்கு 12 கொடுத்து, மினிமம் 2 போட்டிருந்தோம். ஷேர்டு பஃபர்ஸ் (போஸ்ட்கிரெஸ் தனக்கென்று பிடிக்கும் கேஷ்) 4 ஜிபி. ஒரு திங்கட்கிழமை காலை வேறொரு விஎம்மில் யாரோ பெரிய பில்டு ஓட்டினார்கள், ஹோஸ்ட் 80-ஐத் தாண்டியது, பலூன் ஊத ஆரம்பித்தது. முதலில் பேஜ் கேஷ் போனது, குவெரி எல்லாம் டிஸ்குக்கு ஓடியது. அதற்கப்புறம் கெஸ்டுக்குள்ளேயே ஓஓஎம் கில்லர் (ரேம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கர்னல் பகுதி) எழுந்து போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ் ஒன்றைச் சுட்டது. அப்படி ஒரு ப்ராசஸ் திடீரென்று செத்தால் போஸ்ட்கிரெஸ் மற்ற கனெக்‌ஷன்களையும் துண்டித்துவிட்டு ரெக்கவரிக்குப் போகும். ஹோஸ்ட் கிராஃப் மட்டும் அழகாக 79 சதவீதத்தில் இருந்தது, அதைப் பார்த்து எங்கள் மேனேஜர் "சர்வர் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம்: டேட்டாபேஸ், ஜாவா, மெயில் இவற்றுக்கு மினிமமும் மெமரியும் ஒரே எண். பலூன் டிவைஸை நீக்குவதில்லை, உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று அது சொல்வது உபயோகமாக இருக்கிறது. பிடுங்க அனுமதி டெஸ்ட் மெஷின்களுக்கு மட்டும். விண்டோஸில் பலூன் டிரைவர் வேகத்தைக் குறைக்கலாம், முக்கியமான சிஸ்டத்தில் வேண்டாம் என்று ப்ராக்ஸ்மாக்ஸின் கையேடே சொல்கிறது, அதனால் உங்கள் கணக்கு விஎம்மில் பலூனை வைத்துப் பிடுங்குவதைவிட 24 என்ற எண்ணையே குறைத்துவிடுவது மேல்.

கிராபிக்ஸ் கார்டு போன்ற எதையாவது எந்த விஎம்முக்காவது பாஸ்த்ரூ (நேரடி இணைப்பு) கொடுத்திருந்தால், அதன் ரேம் முழுவதும் தொடக்கத்திலேயே பூட்டப்பட்டுவிடும், பலூனால் ஒன்றும் ஆகாது. இதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

நாலாம்மாடி எழுதியது:

நான் விஎம்வேர் பக்கத்து ஆள், ப்ராக்ஸ்மாக்ஸ் வீட்டில் விளையாட மட்டும். ஆனால் நோய் ஒன்றுதான். இந்தப் பலூன் யோசனையே 2002-இல் கார்ல் வால்ட்ஸ்பர்கர் எழுதிய, விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் சர்வர் பற்றிய ஆய்வுக்கட்டுரையில் விளக்கப்பட்டதுதான். அதில் எனக்குப் பிடித்தது சும்மா கிடக்கும் மெமரிக்கு வரி போடுவது: பயன்படுத்தாமல் பிடித்து வைத்திருக்கும் பேஜுக்கு 75 சதவீதம் வரி, அதாவது பயன்பாட்டில் உள்ள பேஜைவிட நான்கு மடங்கு விலை. நெருக்கடி வந்தால் சும்மா வைத்திருப்பவனிடமிருந்து முதலில் போகும். உங்கள் விண்டோஸ் அங்கே இருந்திருந்தால் நன்றாக வரி கட்டியிருக்கும்.

அங்கே ஒரு பேஜ் பல விஎம்களில் ஒரே மாதிரி இருந்தால் ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளும் உத்தியும் உண்டு, லினக்ஸில் அதன் பெயர் கேஎஸ்எம், 2009-இல் வந்த 2.6.32 கர்னலிலிருந்து இருக்கிறது. ஒரே ஓஎஸ்ஸில் பத்து விஎம் ஓடினால் கணிசமாக மிச்சமாகும். ஆனால் ஒரு விஎம்மில் இருப்பவர் பகிர்ந்த பேஜை அணுகும் நேரத்தை அளந்தே பக்கத்து விஎம்மின் ரகசியத்தை ஊகிக்கலாம் என்று தெரிந்ததும் விஎம்வேர் 2014 கடைசியில் விஎம்களுக்கிடையே பகிர்வதை டிஃபால்ட்டாக நிறுத்திவிட்டது. 2016-இல் கேஎஸ்எம்மோடு ரோஹேமரையும் (ரேமின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தொட்டு அடுத்த வரிசையின் பிட்டைப் புரட்டும் தாக்குதல்) சேர்த்துப் பக்கத்து விஎம்மின் பேஜையே மாற்றிக் காட்டினார்கள். உங்கள் சர்வரில் எல்லாமே உங்கள் ஆட்கள் என்றால் கேஎஸ்எம் இருக்கட்டும், வெளியாட்களுக்கு வாடகைக்கு விடும் சர்வரில் வேண்டாம்.

என் சொந்தக் கதை ஒன்று. ஒரு டேட்டாபேஸ் விஎம் நத்தை மாதிரி நகர்ந்தது. கெஸ்டில் 16 ஜிபி தெரிகிறது, ஹோஸ்டில் பாதி ரேம் காலி, ஆனாலும் பலூன் அந்த விஎம்மில் மட்டும் உச்சத்தில். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், அதை குளோன் செய்த டெம்ப்ளேட்டில் எவரோ "லிமிட்" 4 ஜிபி என்று போட்டிருக்கிறார், ரேமை 16-க்கு ஏற்றியபோது லிமிட் அப்படியே இருந்துவிட்டது. ஹோஸ்ட் காலியாக இருந்தாலும் லிமிட்டுக்கு மேல் நிஜ ரேம் கிடைக்காது. பலூன் அதிகபட்சம் 65 சதவீதம் வரை ஊதும், மிச்சத்தை ஸ்வாப்பில் தள்ளும். அந்தக் கட்டத்தை இப்போது பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும்.

இன்னொன்று, விஎம்வேரில் "ஆக்டிவ்" என்று ஒரு எண் தெரியும். அது சில பேஜ்களை மாதிரிக்கு எடுத்து, சமீபத்தில் தொட்டார்களா என்று பார்த்துப் போடும் மதிப்பீடு. 16 ஜிபி டேட்டாபேஸுக்கு ஆக்டிவ் 2 என்று காட்டும். அதை நம்பி 3-க்குக் குறைத்தீர்களானால் மறுநாள் வேலை தேட வேண்டியிருக்கும்.

கீழ்ரேக் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரிரூட் அண்ணா, லாகில் நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது, 2 மணி 13 நிமிடம். ஸ்வாப் பூஜ்யம். ஏஆர்சி உச்சவரம்பு 31 ஜிபி சொச்சம், 7-ஆம் பதிப்பிலிருந்து அப்கிரேட் ஆகி வந்த சர்வர். எட்டு விஎம்மிலும் மினிமமும் மெமரியும் ஒரே எண்! அந்த டிக்கைத்தான் இவ்வளவு நாள் சாமி மாதிரி நம்பியிருந்தோம். விண்டோஸில் பலூன் டிரைவரும் இல்லை.

இப்போது எப்படிக் குறைப்பது? எந்த எண்ணை வைத்து?

ராத்திரிரூட் எழுதியது:

ஒரு நாள் பார்த்துக் குறைக்காதீர்கள். கணக்குப் பிரிவு என்றால் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியும் மாதக் கடைசியும் அளவில் வர வேண்டும். லினக்ஸில் ஃப்ரீ கட்டளையில் "ஃப்ரீ" பத்தியைப் பார்க்காதீர்கள், "அவெய்லபிள்" பத்தியை மானிட்டரிங்கில் போட்டு, அது மிகக் கீழே இறங்கிய நேரத்தை எடுங்கள். ஜாவாவுக்குக் கணக்கு வேறு: ஹீப் (ஜாவா தன் டேட்டாவுக்கு எடுக்கும் ரேம்) உச்சவரம்பு எவ்வளவோ அது, அதன்மேல் த்ரெட், மெட்டாஸ்பேஸ் வகைக்கு ஒன்று ஒன்றரை, ஓஎஸ்ஸுக்கு ஒன்று, கையிருப்பு கொஞ்சம். விஎம்முக்கு 16 கொடுத்துவிட்டு ஹீப்பை 4-இல் வைத்திருந்தால் மிச்சம் எல்லாம் லாக் ஃபைலின் கேஷ்தான். ஃபைல் சர்வரைத் தயங்காமல் குறைக்கலாம், அது கேஷ் செய்வதையே கீழே ஏஆர்சியும் கேஷ் செய்கிறது, ஒரே பிளாக்குக்கு இரண்டு இடத்தில் வாடகை.

விண்டோஸில் ஓடுவது எஸ்க்யூஎல் சர்வரா? ஆம் என்றால் எந்தப் பதிப்பு, மேக்ஸ் சர்வர் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். டிஃபால்ட்டில் அது உச்சவரம்பே இல்லாத மாதிரி ஒரு பத்து இலக்க எண்ணாக இருக்கும், கொடுத்ததையெல்லாம் தின்னும்.

கீழ்ரேக் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அந்தக் கணக்கு சாஃப்ட்வேருக்குக் கீழே இருப்பது எஸ்க்யூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ். இலவசப் பதிப்பு! அதன் பஃபர் பூல் (டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் இடம்) 1410 எம்பிக்கு மேல் போகவே போகாது என்று படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 24 ஜிபி எதற்குக் கொடுத்தார்கள் என்று விசாரித்தால், ஒரு காலத்தில் ரிப்போர்ட் மெதுவாக வந்ததாம், "ரேம் போடு" என்று யாரோ சொன்னார்களாம், போட்டிருக்கிறார்கள். ஆறு பேர் ரிமோட்டில் உட்கார்ந்தும் 20-ஆம் தேதி உச்சம் 8 ஜிபிதான்.

புதுக் கணக்கு: விண்டோஸ் 10, ஜாவா 7 (ஹீப் 4-ஆக இருந்தது, அண்ணா சொன்னது அப்படியே), போஸ்ட்கிரெஸ் 12, மெயில் 4, ஃபைல் சர்வர் 4, டெஸ்ட் இரண்டும் அதே 4, ஆனால் மினிமம் 1, மானிட்டரிங் 2. மொத்தம் 47. ஏஆர்சிக்கு 6 ஜிபி உச்சவரம்பு, பைட்டில் எழுத வேண்டும் என்பது தெரியாமல் முதலில் வெறும் 6 என்று எழுதிவிட்டேன், அது மதிக்கவே இல்லை, 6442450944 என்று எழுதி இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது முதலில் ஏறும் ஃபைல் தொகுப்பு) புதுப்பித்து ரீபூட் செய்ததும் சரியானது. ஹோஸ்டுக்கு இரண்டு மூன்று ஜிபி விட்டால்கூட இன்னும் எட்டு ஒன்பது மிச்சம். புதிதாக ஒரு குச்சி ரேம்கூட வாங்கவில்லை.

ஒரு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை ரேமைக் குறைக்கப்போகிறேன் என்று வெள்ளிக்கிழமையே மெயில் போட்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் அக்கா போன் செய்து, "நீ குறைத்ததிலிருந்து ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்றார். ஞாயிறு நிஜமாகவே குறைத்த பிறகு ஒரு புகாரும் வரவில்லை.

தறிசத்தம் எழுதியது:

மாற்றியது சரிதான், ஆனால் போஸ்ட்கிரெஸுக்கு 12 போதுமா என்று கேஷ் ஹிட் விகிதத்தை (டிஸ்குக்குப் போகாமல் கேஷிலேயே எவ்வளவு கிடைக்கிறது என்பது) ஒரு மாதம் பாருங்கள், குறைந்தால் அந்த மிச்சத்திலிருந்து இரண்டு கொடுங்கள். மிச்சம் இருப்பதைப் பார்த்து டெஸ்டிங் ஆட்கள் "இன்னொரு விஎம் வேண்டும்" என்று வருவார்கள்.

கீழ்ரேக் எழுதியது:

நேற்றே வந்துவிட்டார்கள். 8 ஜிபி கேட்டார்கள். 2 கொடுத்து, மினிமம் 1 போட்டிருக்கிறேன்.